சிலிண்டர் உச்சியைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்

கருப்பையை அகற்றிய பிறகு யோனியின் உச்சிக்கு உள்ளிருந்து கதிர் கொடுப்பதுதான் பிராக்கிதெரபியிலேயே (கதிர்மூலத்தை உடலுக்குள் வைத்துத் தரும் சிகிச்சை) எளிய வேலை என்று பல துறைகளில் எண்ணுகிறார்கள். ஒரே ஒரு சிலிண்டர், அதன் நடுவே ஒரே ஒரு குழாய், அதற்குள் போய்வரும் ஒரு கதிர்மூலம். அதனால்தான் வேலைக்குப் புதிதாகச் சேரும் மருத்துவ இயற்பியலாளரின் கையில் முதலில் இதைக் கொடுத்துவிடுகிறோம். தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக இதற்கான கதிரளவுத் திட்டங்களைப் போட்டுவருகிறேன். இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: இந்தச் சிகிச்சையின் திட்டம் பாதிக்கு மேல் கணினிக்கு வெளியே, சிலிண்டரைத் தேர்ந்தெடுத்து உள்ளே வைக்கும் மேசையருகில் முடிந்துவிடுகிறது. அங்கே விட்ட குறையைத் திரையில் அழகான ஐசோடோஸ் கோடுகளால் (ஒரே அளவு கதிர் பெறும் இடங்களை இணைப்பவை) மறைக்கலாம், சரிசெய்ய முடியாது.

ஆகவே மருத்துவர் சிலிண்டர் வைக்கும்போது, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அறைக்குள் இருங்கள். அல்லது சிலிண்டரின் அளவும் ஆழமும் எப்படி முடிவாயின என்று உடனே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எதற்காக

பெரும்பாலும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து வருபவர்கள். "கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நோய் திரும்பினால் அது அதிகமாகத் தலைகாட்டும் இடம் தையல் போட்ட யோனி உச்சிதான். 2010-இல் லான்செட் இதழில் வெளியான போர்டெக்-2 ஆய்வு, இடைநிலையிலும் சற்று உயர்ந்த ஆபத்துள்ள 427 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இடுப்பு முழுவதும் வெளிக்கதிர், மறு பிரிவுக்கு யோனி பிராக்கிதெரபி மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளில் யோனியில் நோய் திரும்பியது முதல் பிரிவில் 1.6 விழுக்காடு, இரண்டாவதில் 1.8. யோனியில் நோயைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை. ஆனால் சிகிச்சை முடிந்த சமயத்தில் குடல் தொந்தரவு வெளிக்கதிர் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது. பிராக்கிதெரபி பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கே இருந்தது. இந்த வேறுபாட்டுக்காகத்தான் நாம் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

அறுவைக்குப் பின் கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளில் சிலருக்கும், முக்கியமாக யோனி ஓரத்தில் நோய் நெருங்கி இருந்தவர்களுக்கு, வெளிக்கதிரோடு சேர்த்து இதைக் கொடுப்பதுண்டு. அவர்களின் கணக்கு வேறு; பின்னால் வருகிறேன்.

திட்டத்துக்கு முன் மூன்று தாள்கள் கையில் வேண்டும்: அறுவைக் குறிப்பு, திசு ஆய்வு அறிக்கை, மருத்துவரின் கதிரளவு உத்தரவு. தையல் ஆறியிருக்க வேண்டும். பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்பதே பொதுவான வழிகாட்டல். ஆறாத உச்சியில் சிலிண்டரை அழுத்தினால் தையல் பிரியலாம்.

உத்தரவில் ஒரு சொல் விடுபட்டால்

"7 கிரே, மூன்று முறை" என்று மட்டும் எழுதிய உத்தரவை ஏற்காதீர்கள். (கிரே என்பது திசு வாங்கும் கதிரின் அலகு.) எந்த ஆழத்தில் 7 கிரே? சிலிண்டரின் மேற்பரப்பிலா, அங்கிருந்து 5 மில்லிமீட்டர் ஆழத்திலா? போர்டெக்-2 முறையில் 5 மில்லிமீட்டரில். வேறு துறைகளில் 6 கிரே ஐந்து முறை என்று மேற்பரப்புக்கே எழுதுவார்கள். இரண்டும் சரியான மரபுகளே. ஒன்றை மற்றொன்றாக வாசித்தால்தான் ஆபத்து.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 3 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டர், உள்ளே 4 செ.மீ. நீளத்துக்கு மூலம் சமமாக நின்று செல்கிறது என்று கொள்வோம். அதை ஒரு நேர்கோட்டு மூலமாக எண்ணினால், நடுப்பகுதியில் மேற்பரப்பின் அளவு 5 மி.மீ. ஆழத்தின் அளவைப்போல் ஏறத்தாழ 1.57 மடங்கு. அதாவது ஆழத்தில் 7 கிரே கொடுத்தால் சளிச்சவ்வில் 11 கிரே. அதே 7 கிரேயை மேற்பரப்புக்கு என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஆழத்தில் போய்ச் சேருவது 4.4 கிரே மட்டுமே. திட்டம் திரையில் எந்தக் குறையும் இல்லாமல்தான் தெரியும். அதனால் ஆழம், நீளம், தடவை, தடவைக்கு இடையேயான நாள் ஆகிய நான்கும் எழுத்தில் வரும்வரை கணினியைத் திறக்காதீர்கள். மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல மருத்துவர் அதற்காக உங்களை மதிப்பார்.

எந்தச் சிலிண்டர்

2 செ.மீ. முதல் 3.5 அல்லது 4 செ.மீ. வரை விட்டங்களில் கிடைக்கும். விதி ஒன்றுதான்: அந்தப் பெண்ணுக்கு வலியில்லாமல் பொருந்தக்கூடியவற்றில் மிகப் பெரியது. இந்த விதியைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இதன் கனம் என்ன என்பதை எண்களில் பாருங்கள்.

மேலே சொன்ன அதே நேர்கோட்டுக் கணக்கில், 2 செ.மீ. சிலிண்டருக்கு மேற்பரப்பு அளவு 1.79 மடங்கு, 3.5 செ.மீ. சிலிண்டருக்கு 1.51 மடங்கு. 5 மி.மீ. ஆழத்தில் 7 கிரே என்றால், சளிச்சவ்வு பெறுவது முன்னதில் ஏறத்தாழ 12.5, பின்னதில் 10.5 கிரே. இரண்டு கிரேதானே என்று தோன்றும். மூன்று தடவைக்குக் கூட்டி, பின்விளைவுகளுக்கு நாம் எடுக்கும் ஆல்பா-பீட்டா விகிதம் (ஒரு தடவைக்கான அளவு மாறும்போது திசுவின் பாதிப்பு எப்படி மாறும் என்பதைக் காட்டும் எண்) 3-ஐ வைத்து, நாளுக்கு 2 கிரே என்ற சமன அளவுக்கு மாற்றுங்கள். 3.5 செ.மீ. சிலிண்டரில் சுமார் 85 கிரே, 2 செ.மீ. சிலிண்டரில் சுமார் 116 கிரே. யோனி சுருங்கி, வறண்டு, தொட்டால் வலிக்கும் நிலை வருமா என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண் அடுத்த பல ஆண்டுகள் அந்த உடலோடுதான் வாழப்போகிறார். சிறிய சிலிண்டரை வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று எவராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

பெரிய சிலிண்டர் சுவரின் மடிப்புகளை விரித்துவிடுகிறது என்பது இரண்டாவது காரணம். மடிப்புக்குள் ஒளிந்த சளிச்சவ்வு திட்டத்தில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் வலியோடு திணிப்பதற்கு இது அனுமதி இல்லை. குழந்தை பெறாதவர்கள், மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள், ஏற்கெனவே வெளிக்கதிர் பெற்றவர்கள் ஆகியோரின் யோனி குறுகி இருக்கும். சிறியதில் தொடங்கி ஒவ்வோர் அளவாக மேலே போகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் கதிர்ச் சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்பார்கள். உள்ளே ஷாக் அடிக்குமோ என்று பயந்து உடலை இறுக்கிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். "மின்சாரம் எதுவும் இல்லை அம்மா. சிகிச்சை ஓடும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. நாங்கள் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், கூப்பிட்டால் நிறுத்திவிடுவோம்" என்று யாராவது உட்கார்ந்து சொன்னால், சில சமயம் அடுத்த அளவு சிலிண்டர் தானாகவே பொருந்தும். இதைத் திட்டமிடலின் ஒரு படியாகவே நான் எண்ணுகிறேன்.

வைத்தபின்

சிலிண்டரின் முனை உச்சியைத் தொட வேண்டும்; மெல்லிய தடை உணரும்வரை மட்டும். சிலிண்டர் மேசைக்கு இணையாகக் கிடக்கட்டும். உள்முனை மேலே போனால் சிறுநீர்ப்பை பக்கமும், கீழே சாய்ந்தால் மலக்குடல் பக்கமும் நெருங்கிவிடும். வெளியே அடித்தகடும் கட்டும் போட்டு நிலைநிறுத்துங்கள். யோனி வாயிலில் சிலிண்டர் எந்த அளவுக்கோட்டில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். ஸ்கேன் மேசையிலிருந்து சிகிச்சை மேசைக்கு மாற்றும்போது சிலிண்டர் நழுவுவது மிகச் சாதாரணம். அந்த ஒரு எண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிறுநீர்ப்பையின் நிலை ஸ்கேனிலும் சிகிச்சையிலும் ஒன்றாக இருக்கட்டும். மலக்குடல் காலியாக இருக்கட்டும்.

சிடி ஸ்கேனில் துண்டின் தடிமன் 2 அல்லது 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. படம் வந்தவுடன் நான் முதலில் தேடுவது காற்றை. சிலிண்டருக்கும் சளிச்சவ்வுக்கும் இடையே கறுப்பாக ஒரு பிறை தெரிகிறதா? முக்கியமாக உச்சியில், தையலின் இரு மூலைகளில்? 3 செ.மீ. சிலிண்டரில் சுவர் 3 மி.மீ. தள்ளிப் போயிருந்தால், சளிச்சவ்வுக்கு 5 மி.மீ. கீழே உள்ள புள்ளிக்குப் போகும் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது. 7 கிரே 5.5 ஆகிவிடும். கணினி இதைச் சொல்லாது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்குமுறை, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1995-இல் வெளியிட்டு 2004-இல் புதுப்பித்த டிஜி-43, உடல் முழுவதையும் தண்ணீராகவே எண்ணுகிறது. காற்றும் தெரியாது, சிலிண்டரின் பிளாஸ்டிக்கும் தெரியாது.

சிறு குமிழி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. உச்சியில் பெரிய இடைவெளி தெரிந்தால், அளவை உயர்த்தி ஈடுகட்ட முயலாதீர்கள். தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் எரிந்துவிடும். மருத்துவரை அழைத்து, சிலிண்டரை இன்னும் சற்று உள்ளே தள்ளவோ பெரியதாக மாற்றவோ சொல்லி, மீண்டும் ஸ்கேன் எடுங்கள். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் நாளில் இதைச் சொல்வது கடினம். சொல்லத்தான் வேண்டும். உச்சியின் இரு மூலைகளும் காதுபோல் நீண்டு, எந்தச் சிலிண்டரின் வளைவும் எட்டாத உடலமைப்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ஓவாய்டு இணை (முட்டை வடிவக் கருவிகள் இரண்டு) பொருந்துமா என்று மருத்துவரோடு பேசுங்கள்.

திரையில்

முதல் வேலை குழாயை வரைவது. சிலிண்டரின் வெளிமுனைக்கும் மூலம் நிற்கக்கூடிய முதல் இடத்துக்கும் உள்ள தூரம், தயாரிப்பாளர் தாளில் ஓர் எண்ணாக இருக்கும். அதை அப்படியே நம்பாமல், உங்கள் துறையில் சிலிண்டரை வாங்கிய நாளில் போலிமூலக் கம்பியும் பிலிமும் வைத்துச் சோதித்த எண்ணை எடுங்கள். அப்படிச் சோதித்த பதிவு இல்லையென்றால், இந்த வாரமே ஒரு மாலையில் செய்துமுடியுங்கள். நீளவாட்டில் 3 மி.மீ. பிழை நேர்ந்தால், உச்சியில் அது மேலே சொன்ன காற்றிடைவெளிக்கு நிகரான கேடு.

அடுத்தது நீளம். யோனியின் மேல் 3 முதல் 5 செ.மீ. வரை போதும். சீரஸ், கிளியர் செல் போன்ற புற்றுநோய் வகைகளில் சில மருத்துவர்கள் கூடுதல் நீளம் கேட்பார்கள். கீழ்ப்பகுதியும் வாயிலும் கதிரை மிகக் குறைவாகவே தாங்கும். காரணம் எழுதப்படாமல் அங்கே மூலத்தை நிறுத்தாதீர்கள்.

பிறகு அளவுப்புள்ளிகள். பக்கவாட்டில் மட்டும் புள்ளி வைத்துத் திட்டம் போடுவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. முனையிலும், முனை வளைந்து திரும்பும் தோள்பகுதியிலும், இரு பக்கமும் புள்ளிகள் வேண்டும். இரிடியம் மூலம் எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்வதில்லை. தன் நீளவாட்டு அச்சில் குறுக்குத் திசையைவிடக் கணிசமாகக் குறைவாகவே கொடுக்கும். ஒற்றைக் குழாயில் அந்த அச்சு நேராக உச்சியை நோக்குகிறது. நோய் திரும்பக்கூடிய இடமும் அதுதான். எனவே உச்சிக்கு உரிய அளவு போகவேண்டுமென்றால் முதல் சில நிறுத்தங்களில் நேரத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டினால் தோள்பகுதியில் அளவு உப்பும். முனைக்கு மேலே கிடக்கும் குடலுக்கும் கூடுதலாகப் போகும். எவ்வளவு என்பதில் ஒரு தராசு பிடிக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் குறித்த அளவின் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க நான் உடன்படமாட்டேன். குடல் ஒட்டிக்கொண்டு கிடந்தால் மட்டும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்பேன்.

மூலத்தை எல்லா இடத்திலும் சம நேரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள்: 4 செ.மீ. நீளத்தின் இரு முனைகளுக்கு நேர்ப்பக்கத்தில், 3 செ.மீ. சிலிண்டரின் 5 மி.மீ. ஆழத்தில், நடுவில் கிடைப்பதில் 70 விழுக்காடுதான் கிடைக்கும். நிறுத்த நேரங்களைக் கணினியே மாற்றியமைக்கும் ஆப்டிமைசேஷன் பொத்தான் இதைச் சரிசெய்யும். ஆனால் அது தந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுவில் பூச்சியம், முனையில் மலைபோல் என்று வந்திருந்தால் அதை ஏற்காமல் கையால் சமன்படுத்துங்கள்.

மலக்குடலும் சிறுநீர்ப்பையும்

இரண்டையும் சிக்மாய்டு பெருங்குடலையும் வரைந்து, அதிக அளவு பெறும் 2 கன செ.மீ.க்கான அளவை எடுங்கள். பிராக்கிதெரபி மட்டும் பெறுபவர்களுக்கு இது பெரும்பாலும் கவலை தராது. மலக்குடலுக்கு ஒவ்வொரு முறையும் 5 கிரே போனாலும் மூன்று முறைக்குச் சமன அளவு 24 கிரேதான்.

வெளிக்கதிரும் சேர்ந்தவர்களுக்குக் கூட்டிப் பார்த்தே தீர வேண்டும். 25 நாளில் 45 கிரே பெற்றவருக்கு, மலக்குடல் கணக்கில் ஏற்கெனவே 43.2 கிரே. பிராக்கிதெரபி 5 மி.மீ. ஆழத்தில் 6 கிரே வீதம் இரண்டு முறை, மலக்குடலுக்கு ஒவ்வொன்றிலும் 5 கிரே என்றால் இன்னும் 16. மொத்தம் 59.2. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எம்ப்ரேஸ்-2 ஆய்வு வகுத்த இலக்கு மலக்குடலுக்கு 65, மேல்வரம்பு 75. சிறுநீர்ப்பைக்கு 80, 90. கருப்பை இருப்பவர்களுக்காக வகுத்தவை என்றாலும் நாங்கள் இவற்றையே கைகாட்டியாக வைத்துக்கொள்கிறோம்.

பல குழாய்கள் உள்ள சிலிண்டர் வாங்கிய துறைகளில், மலக்குடலைக் காப்பாற்றுகிறோம் என்று ஓரக்குழாய்களில் நேரத்தை வாரி இறைப்பதைப் பார்க்கிறேன். ஓரக்குழாய் சளிச்சவ்வுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே ஒரு நிறுத்தம் நீண்டால் சவ்வில் புண் வரும். நடுக்குழாயே பெரும்பங்கைச் சுமக்கட்டும். உச்சியில் 5 மி.மீ.க்கு மேல் தடித்த கட்டி இருந்தாலோ, சிலிண்டரே தவறான கருவி. ஊசிகள் வைத்துச் செய்யும் முறை தேவைப்படும் நோயாளி அவர். அவரை அதற்கு வசதியுள்ள மையத்துக்கு அனுப்பச் சொல்வது உங்கள் கடமை.

கையால் ஒரு சரிபார்ப்பு

திட்டத்தை அனுப்புமுன் ஒரு தாளை எடுங்கள். வலிமை 10 கியூரிக்கு அருகிலுள்ள இரிடியம்-192 மூலம் 1 செ.மீ. தொலைவில் வினாடிக்குச் சுமார் 12 சென்டிகிரே கொடுக்கும். நம் 3 செ.மீ. சிலிண்டர், 4 செ.மீ. நீளம், 5 மி.மீ. ஆழத்தில் 7 கிரே என்ற கணக்குக்குச் சமநிறுத்தத்தில் ஏறத்தாழ 5 நிமிடம் வரும். முனைகளில் நேரம் கூட்டியதால் திட்டத்தில் அதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். 2 நிமிடமோ 12 நிமிடமோ காட்டினால் நிறுத்துங்கள். ஆழம், சிலிண்டர் விட்டம், மூலத்தின் வலிமை ஆகிய மூன்றில் ஒன்று தவறாக ஏறியிருக்கிறது. சோதிப்பவர் திட்டம் போட்டவராக இருக்கக்கூடாது.

இரிடியத்தின் அரை ஆயுள் 73.8 நாள், நாளுக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேயும். மூலம் பழையதாக இருக்கும் மாதத்தில் அதே சிகிச்சைக்கு 10 நிமிடம் ஆகலாம். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன முறையைவிட நேரம் நீண்டால் ஏதோ தவறு என்று உள்ளே தனியாகப் படுத்துப் பயப்படுவார். கோபால்ட்-60 வைத்திருக்கும் துறைகளுக்கு, அரை ஆயுள் 5.27 ஆண்டு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாம், மூன்றாம் முறைக்குப் புதுத் திட்டம் வேண்டுமா? ஒற்றைக் குழாய் சிலிண்டரில், அளவும் நீளமும் மாறாதவரை முதல் திட்டத்தையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து நிலையையும் காற்றையும் பாருங்கள். சிலிண்டர் விட்டம் மாறினால் பழைய திட்டத்தைத் தொடவே கூடாது. சிகிச்சை முடிந்ததும் கதிர்மானியோடு உள்ளே போய், மூலம் பெட்டிக்குத் திரும்பியதை நோயாளியின் அருகிலேயே அளந்துவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள்.

பிறகு பதிவு. "பிராக்கிதெரபி மூன்று முறை கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு, வருடங்கள் கழித்து வேறு ஊரிலிருந்து நோய் திரும்பி வரும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வரியை வைத்து மீண்டும் கதிர் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கவே முடியாது. அவர் கையில் கொடுக்கும் தாளில் சிலிண்டர் விட்டம், சிகிச்சை நீளம், குறித்த ஆழம், ஒவ்வொரு முறைக்கான அளவும் தேதியும், மேற்பரப்பு அளவு, மலக்குடல், சிறுநீர்ப்பை 2 கன செ.மீ. அளவுகள், எந்த மூலம் என்பவை இருக்கட்டும். யோனி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரிப்பான் எப்போதிலிருந்து, எப்படிப் பயன்படுத்துவது என்று செவிலியர் சொல்வதையும் அதே தாளின் மறுபக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர் படிக்கத் தெரியாதவர் என்றால், கூட வந்த மகளையோ மருமகளையோ உள்ளே அழைத்து வாசித்துக் காட்டுங்கள்.